ஏன் வரவில்லை?

விதைத் திருவிழா நடத்துவது பெரிய வித்தை இல்லை. பந்தல்காரரைப் பிடித்து, ஒலிபெருக்கிக்குச் சொல்லி, சமையலுக்கு ஆள் வைத்துவிட்டால் இரண்டு நாள் தானாக ஓடிவிடும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதே பந்தலைப் போட வைப்பதில்தான் பாடு இருக்கிறது. எங்கள் ஊர்த் திருவிழாவில் எனக்கு ஒதுக்கிய இடம் ஓரத்து மேசை. சென்ற ஆண்டு விதை வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவருவதை வரவு வைக்கிற வேலை. மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மேசைக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். காவிரிக்குக் கடைமடை. நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் விதைநெல் என்பது கடையில் வாங்குகிற பொருளாக இருந்ததில்லை. தை, மாசியில் அறுவடை முடிந்து களம் ஓய்ந்த பிறகு, பங்குனி, சித்திரையில் அம்மன் கோயில் திருவிழா வரும். வளையல் கடையும் பொரிகடலைக் கடையும் ஒரு பக்கம் இருக்க, குளத்தங்கரை ஆலமரத்தடியில் பெரியவர்கள் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நாலைந்து படி நெல். "உங்க ஊரு குடவாழை தண்ணி தாங்குச்சா?" என்று தொடங்கும் பேச்சு. என் அப்பா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார், ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பார், பிறகுதான் மடியை அவிழ்ப்பார். வாங்கிப் போனவர் அடுத்த திருவிழாவில் கூட்டித் திருப்பித் தருவார். எழுத்துக் கணக்கு எதுவும் கிடையாது. எனக்கு அது சலிப்பான இடம். ராட்டினத்துக்குப் போக அப்பா எப்போது எழுந்திருப்பார் என்று காத்துக்கொண்டு நிற்பேன்.

1960களில் தஞ்சைச் சீமைக்குப் புது ரகங்கள் வந்தன. ஏடிடி 27 வந்தது. 1966இல் ஐ.ஆர்.8 வெளியானது. குட்டைப் பயிர், உரம் போட்டால் சாயாது, மூட்டை மூட்டையாகக் கண்டது. அரிசிக்கு அலைந்த காலத்தைப் பார்த்த தலைமுறை அந்த விளைச்சலைக் கையெடுத்துக் கும்பிட்டது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வராது. ஆனால் ஆண்டு தவறாமல் கிடங்கில் போய் மூட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனபின் ஆலமரத்தடியில் உட்கார ஆளில்லாமல் போயிற்று. யாரும் தடை போடவில்லை. ஒரு சித்திரையில் ஐந்து பேர் வந்தார்கள், இன்னொரு சித்திரையில் இரண்டு பேர், பிறகு அந்த இடத்தில் ஐஸ் வண்டி நின்றது. வளையல் கடைக்குக் குறைவில்லை. திருவிழாவுக்குள் இருந்த ஒரு திருவிழா மட்டும் ஓசையில்லாமல் கழன்று போயிற்று.

அதை மீட்டுக் கொண்டுவந்தவர் எங்கள் வட்டாரத்துக்காரர். கட்டிமேட்டு ஜெயராமன். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவோடு நடந்து திரிந்து, ஊர் ஊராகப் பழைய நெல்லைத் தேடிச் சேர்த்தவர். 'நெல் ஜெயராமன்' என்றால்தான் வெளியூரில் தெரியும். 2006இல் ஆதிரெங்கத்தில் அவர் நெல் திருவிழாவைத் தொடங்கினார். ஏட்டில் எழுத ஒன்றுமில்லாத எளிய ஏற்பாடு அது. இரண்டு கிலோ விதை வாங்கிப் போ, அடுத்த ஆண்டு நாலு கிலோவாகக் கொண்டுவந்து கொடு. கேட்டதும் ஆலமரத்தடிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கடைசியில் 174 ரகம் வரை அவர் மீட்டார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி, குழியடிச்சான் என்று பட்டியல் நீளும்.

இத்தனை ரகத்தையும் ஒரு கட்டடத்தில் பூட்டிப் பத்திரமாக வைத்தால் போதாதா, ஆண்டுதோறும் எதற்குத் திருவிழா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டணத்துப் பிள்ளைகள் கேட்டால் நான் பொறுமையாகச் சொல்வேன். நெல் உயிருள்ள பொருள். நன்றாகக் காயப்போட்டு, நொச்சி இலை வைத்து மூட்டை கட்டினாலும் நம் ஊர் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் ஓராண்டு கடந்தால் முளைப்பு விழத் தொடங்கிவிடும். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்தால் தெரியும். எண்பதாவது முளைத்தால்தான் அதை விதை என்று நம்பி ஒருவர் கையில் கொடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு ரகமும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவருடைய சேற்றில் இறங்கியே ஆக வேண்டும். 174 ரகம் என்றால் குறைந்தது 174 துண்டு நிலம், அதைப் பார்த்துக்கொள்ள மனிதர்கள். ஜெயராமன் சேர்த்தது நெல்லை மட்டும் என்று நினைத்தால் கணக்குச் சரியாக வராது.

ஆதிரெங்கத்தில் விதை வாங்கிவந்த எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊரிலும் சின்னதாக ஒன்றைத் தொடங்கினோம். பள்ளிக்கூடத்துத் திடல்தான் இடம். இளவட்டங்கள் பந்தலுக்கு ஓடினார்கள். பெண்கள் குழு புடைப்பதையும் அளப்பதையும் எடுத்துக்கொண்டது. விறகு ஒருவர், வாழை இலை ஒருவர், குடிதண்ணீர் ஒருவர். முதல் ஆண்டு மாப்பிள்ளைச் சம்பாவில் சோறு வடிக்கத் திட்டம். வெளியூரிலிருந்து வந்த சமையல்காரர், முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அது உறுதியான சிவப்பரிசி. கொதித்துக்கொண்டே இருந்தது, வெந்தபாடில்லை. மூன்று மணிக்கு இலை போட்டோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் பேச்சு வளர்ந்து, மூன்று ஊர்க்காரர்கள் அங்கேயே தங்களுக்குள் விதை மாற்றிக்கொண்டார்கள்.

என் மேசைக்கு வருகிறேன். இரண்டுக்கு நாலு என்பது கேட்பதற்குக் கொசுறு போல இருக்கும். ஒற்றை நாற்றாக நட்டால் இரண்டு கிலோ விதை ஓர் ஏக்கருக்குக் கூடக் காணும். அந்த ஏக்கரில் விளைவதில் நாலு கிலோ என்ன பெரிய பாரம்? ஆனால் அந்த நாலு கிலோ விதைக்கு ஆகிற நெல்லாக இருக்க வேண்டுமே. கதிர் வந்த பிறகு வயலுக்குள் இறங்கி, உயரத்திலும் நிறத்திலும் மாறி நிற்கிற பயிரைப் பிடுங்கிக் கலப்பு எடுக்க வேண்டும். வரப்போரத்தை விட்டு நடு வயலில் அறுக்க வேண்டும். அறுவடை இயந்திரத்தை விட்டால் முந்தின வயலின் நெல் அதன் வயிற்றில் மிச்சம் இருக்கும். ஆகவே அந்தப் பங்கை மட்டும் அரிவாளால் அறுத்து, கையால் அடித்து, தனியாகக் காயவைத்து, தனிச் சாக்கில் கட்டி, எலிக்கும் மழைக்கும் காப்பாற்றி வைக்க வேண்டும். கூலி ஆள் கிடைக்காத காலத்தில் இது லேசான காரியம் இல்லை.

ஆகவே வாங்கிப் போனவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. தொடக்கத்தில் இளைஞர்களுக்கு இதில் கோபம். "ஓசியில கெடைச்சா இப்படித்தான் தாத்தா. அடுத்த வருசம் இவங்க பேரை அடிச்சிடலாம்" என்றான் ஒரு பையன். நோட்டில் அப்போது மூன்றே கட்டங்கள். பெயர், ரகம், வரவு. வரவு இல்லாத இடத்தில் சிவப்புக் கோடு.

அந்தக் கோடு விழுந்த பெயர்களில் ஒருவரைத் திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கண்ணில் பட்டதும் டீக்கடைக்குப் பின்புறம் நகர்ந்துவிட்டார். நாற்பது வயதுக்காரர், என்னை எங்கே பார்த்தாலும் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறவர். இரண்டு கிலோ நெல்லுக்காக ஒரு மனிதர் ஒளிகிறாரே என்று எனக்கு இரவெல்லாம் உறுத்தலாக இருந்தது. தை பிறந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். நெல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி மோர் கொடுத்தார். பிள்ளைகள் படிப்பு, மாடு கன்று போட்டது எல்லாம் பேசி முடிந்தபின் அவரே தொடங்கினார். "ரெண்டு கிலோவும் போச்சுங்கய்யா. வாய்க்கால்ல உப்புத் தண்ணி ஏறிடுச்சு. குருத்து கருகிப் போச்சு. எந்த மொகத்தோட பந்தலுக்கு வர்றது?"

வயலைப் போய்ப் பார்த்தோம். கடல் பக்கம் திறந்து கிடக்கிற வடிகாலை ஒட்டிய தாக்கு. வெயிலில் வெள்ளை பூத்திருந்தது. அவர் வாங்கிப் போனது மாப்பிள்ளைச் சம்பா. அந்த மண்ணுக்குப் போயிருக்க வேண்டியது குழியடிச்சான். வேதாரண்யம் பக்கத்து உவர் நிலங்களில் நின்று பிழைத்த நெல் அது. அதை அவரிடம் சொல்லவும் ஆளில்லை, அவருடைய மண் எப்படிப்பட்டது என்று கேட்கவும் மேசையில் இடமில்லை. அன்றிரவு நோட்டில் நாலாவது கட்டம் ஒன்றைப் போட்டேன். 'ஏன் வரவில்லை?'

அந்தக் கட்டம் எங்கள் திருவிழாவையே மாற்றிவிட்டது என்றால் மிகையில்லை. திருவிழாவுக்கு முன்னால் இளைஞர்கள் இரண்டு இரண்டு பேராகச் சைக்கிளிலும் வண்டியிலும் போய் வருவார்கள். கொடுக்கல் வாங்கல் பேச்சு எடுக்கக் கூடாது, பயிர் எப்படி நின்றது என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவர வேண்டும் என்பது ஏற்பாடு. 'மெஷின்காரன் கலந்துட்டான்.' 'யூரியா போட்டேன், சாஞ்சிருச்சு.' 'எலி.' 'மக கல்யாணம், எல்லாத்தையும் வித்துட்டோம்.' 'அவுங்க போயிட்டாங்க, வயலப் பாக்க ஆளில்ல.' இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. எந்த ரகம் எந்த மண்ணில் தோற்றது, எதற்கு உரம் ஆகாது, எந்த ஊரில் வடிகால் தூர்ந்து கிடக்கிறது என்பதையெல்லாம் திருப்பித் தர முடியாதவர்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களை விலக்கியிருந்தால் நல்ல வயல்காரர்கள் மட்டும் தங்களுக்குள் நெல்லை மாற்றிக்கொள்கிற கூட்டமாக அது சுருங்கியிருக்கும். சில ஆண்டில் அதுவும் கரைந்திருக்கும்.

பெயரை அடிக்கச் சொன்ன பையனும் அப்படிப் போய் வந்தவன்தான். 'அவுங்க போயிட்டாங்க' என்று சொன்ன, கணவரை இழந்த பெண்ணின் வீட்டுக்குப் போனவன் நோட்டில் எழுதியதோடு நிற்கவில்லை. அடுத்த நாற்றங்காலுக்கு அவர் வயலை நண்பர்களோடு போய் உழுது கொடுத்துவிட்டு வந்தான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடி முடிந்தபிறகு அந்தப் பெண் சொல்லித்தான் தெரியும்.

இன்னொரு சம்பவம். ஒரு வைகாசியில் திருவிழாவுக்கு முந்தின இரவு கோடை மழை கொட்டியது. பந்தல் ஒழுகி, சாக்குகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளில் மை கரைந்துவிட்டது. நெல்லுக்குச் சேதமில்லை. எது எந்த நெல் என்பதுதான் போயிற்று. விடிந்தால் கூட்டம் வந்துவிடும். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் குழுவில் வயதில் மூத்த அம்மா ஒருவர், சிறு வயதிலிருந்து நடவு நட்டுக் களை பறித்தே காலம் கழித்தவர், முறத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பிடி. முறத்தில் போட்டு ஒரு தட்டு, விளக்கு வெளிச்சத்தில் உமியின் நிறம், நுனியின் வளைவு, பிறகு நகத்தால் ஒன்றை உரித்து அரிசியின் நிறம். "இது பூங்காரு. இது கவுனி, சந்தேகமில்ல. இது தூயமல்லி, பாரு எப்புடி மொட்டாட்டம் இருக்கு." பையன்கள் எழுதிக்கொண்டே வந்தார்கள். ஒரு சாக்கில் மட்டும் அவர் கை நின்றது. மறுபடி அள்ளினார், கடித்தார், முகர்ந்தார். "இது எனக்குத் தெரியலப்பா. குடுக்காதீங்க" என்றார்.

தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு அந்த அம்மாவைப் பார்த்து வியந்தேன். அவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் நாங்கள் மறுபேச்சில்லாமல் எழுதியிருப்போம். அந்தச் சாக்கு பந்தலுக்கு வரவில்லை. ஆடியில் சின்னப் பாத்தியாக நட்டு, கதிர் வரும் வரை காத்திருந்து, பூத்த நாளும் பயிரின் உயரமும் பார்த்த பிறகுதான் அது கைவரச் சம்பா என்று முடிவு செய்தோம். ஒரு சாக்குக்கு ஒரு போகம் முழுவதும் ஆயிற்று. அன்றுமுதல் சீட்டு பென்சிலில்தான் எழுதுகிறோம். சாக்குக்கு வெளியே ஒன்று, நெல்லுக்குள்ளே ஒன்று. பென்சில் தண்ணீரில் கரையாது.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எங்களைப் புரட்டிப் போட்டது. தென்னை ஒன்று மிஞ்சவில்லை என்று சொல்லலாம். கூரைகள் பறந்தன. மூன்று வாரம் ஆகவில்லை, டிசம்பர் 6 அன்று ஜெயராமன் சென்னை மருத்துவமனையில் புற்றுநோயால் இறந்த செய்தி வந்தது. ஐம்பது வயதுதான். மின்சாரமே வராத ஊரில் அந்தச் செய்தியை ஒருவருக்கொருவர் நடந்துபோய்ச் சொன்னோம். இனி நெல் திருவிழாவெல்லாம் அவ்வளவுதான் என்று வெளியூரில் சிலர் பேசியதும் காதில் விழுந்தது. அடுத்த கோடையில் ஆதிரெங்கத்துக்காரர்கள் விடாமல் நடத்தினார்கள். எங்கள் ஊரிலும் சின்னப் பந்தல் ஒன்று எழுந்தது. நிவாரணத்தில் வந்த தார்ப்பாயை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வீட்டுக்கும் மறுபாதியை விதைநெல் சேருக்கும் போட்டிருந்த பெரியவர் ஒருவர், மஞ்சள் பையில் நாலு கிலோ கொண்டுவந்து மேசையில் வைத்தார். வீடு இன்னும் கட்டி முடியவில்லை அவருக்கு. "இந்த வருசம் நீங்களே வச்சுக்குங்கண்ணே" என்றேன். "போன ரெண்டு வருசம் என்னால குடுக்க முடியல தம்பி. இந்த வருசம் முடிஞ்சிருக்கு. வாங்கிக்க" என்றார். வாங்கி, அவர் எதிரிலேயே வரவு வைத்தேன்.

2021இல் தமிழக அரசு முதன்முறையாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, மரபு நெல்லைக் காக்கும் இயக்கத்துக்கு ஜெயராமன் பெயரையே வைத்தது. மகிழ்ச்சியான காரியம். அரசு விதைப் பண்ணையில் விளைவது விளையட்டும். ஆனால் வயல் வயலாக நெல் கைமாறுகிற வேலையை ஊர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. கருப்புக் கவுனிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் பட்டணத்தில் நல்ல விலை வந்துவிட்டது. பந்தல் திறந்ததும் எல்லாரும் அந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள். நல்லதுதான், உழுதவருக்கு நாலு காசு கிடைக்கட்டும். ஆனால் யாரும் கேட்காத நெல் சாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஓராண்டு தங்கினால் பாதி உயிர், இரண்டாண்டு தங்கினால் அவ்வளவுதான். ஆகவே திருவிழா முடிந்த மாலையில், கூட்டம் கலைந்து பந்தல் பிரிக்கும்போது, எங்களுக்குள் இன்னொரு பங்கீடு நடக்கும். யாரும் வாங்காத ரகங்களை மேசை மேல் வரிசையாக வைப்போம். தன்னார்வலர்கள் ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நிலம் உள்ளவர்கள் ஐந்து குழி, பத்துக் குழி ஒதுக்குவார்கள். நிலம் இல்லாத பிள்ளைகள் யாருடைய வயலிலாவது ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, நடவும் களையும் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட ஒரு பையன் தன் பங்கு ஒட்டடையானை அறுக்க லீவு போட்டுவிட்டு வருகிறான்.

டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்தவர் இப்போது எங்கள் குழுவில் ஒருவர். குழியடிச்சான் அவர் பொறுப்பு. உப்பு ஏறிய தாக்கு உள்ளவர்கள் மேசைக்கு வந்தால் நான் அவரைக் கைகாட்டிவிடுவேன். அவர் முதலில் கேட்பது, "வெயில்ல வெள்ள பூக்குதா?" என்றுதான்.

இந்த ஆண்டு மழை முன்னதாகப் பிடிக்கும் என்கிறார்கள். பந்தலைப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தோடு ஒட்டிப் போடச் சொல்லியிருக்கிறோம். போன திருவிழாவில் யாரும் எடுக்காத வாடன் சம்பா என் பங்குக்கு வந்தது. கொல்லையை ஒட்டிய துண்டில் நட்டு, அறுத்துக் காயவைத்தாயிற்று. வருகிறவர்கள் துணிப்பையோடு வரட்டும். தங்கள் வயல் மேடா பள்ளமா, உவரா, மழைக்கு எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பதைச் சொல்லட்டும். போன முறை வாங்கியதைக் கொண்டுவர முடியாதவர்கள் நேரே என் மேசைக்கு வரட்டும். அவர்களுக்கென்று ஒரு கட்டம் நோட்டில் இருக்கிறது, எழுதிக்கொண்டு அடுத்த இரண்டு கிலோவை அளந்து கொடுப்போம்.